ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர்

ஒரு பெண்ணை ஃபிட்டர் வேலைக்கு எடுத்துவிட்டு, அவள் கையில் ஸ்பேனரைக் கொடுக்காமல் இருப்பதற்கு எத்தனை காரணம் சொல்ல முடியும் என்று நினைக்கிறீர்கள்? ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதினான்கு மாதத்தில் ஒன்பது காரணம் சொன்னார்கள். ஒன்பதையும் நின்று கேட்டவள் ஹெப்சிபா. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

மம்சாபுரத்துப் பெண். வயது இருபத்திரண்டு. அப்பா தேவஇரக்கம் கொத்தனார். அம்மா ஏசம்மாள் இதே மில்லில் பத்தொன்பது வருடமாக ஸ்பின்னிங் மெஷினில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருக்கிறவள். ஹெப்சிபா பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஐ.டி.ஐ.யிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெண் பிள்ளைகள் டைலரிங், கம்ப்யூட்டர் என்று ஒதுங்கக் கூடாது, ஃபிட்டர், வெல்டர் படிக்க வர வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் சிரித்தபோது ஹெப்சிபா மட்டும் அந்த நோட்டீசை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே எதையாவது கழற்றிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. வீட்டு மிக்சி, பக்கத்து வீட்டு மிக்சி, வேதக் கோயில் மணிக்கூண்டின் கயிற்றுச் சக்கரம் என்று ஒன்றையும் விட்டு வைத்ததில்லை.

அரசாங்கத்தைக் குறை சொல்ல இங்கே ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். படிப்புக்குப் பணம் வாங்கவில்லை. மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கவில்லை. இரண்டு வருடம் படிக்க வைத்து, சான்றிதழ் கொடுத்து, மில் வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டது. வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க மட்டும் ஒருத்தரும் வரவில்லை.

உள்ளே நடந்தது இதுதான். இருபத்துமூன்று பையன்களுக்கு நடுவில் தனியாகப் படித்து, இரும்புக் கட்டையை அரத்தால் ராவிப் பொருத்துகிற பரீட்சையில் முதல் மார்க் எடுத்த ஹெப்சிபாவை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். கம்பி வலை போட்ட ஜன்னல். அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு ரிஜிஸ்டர். அவளோடு படித்த ஸ்டெபின், பரீட்சையில் அவளிடம் அளவு கேட்டு ராவியவன், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பான்.

"பதினாறு-பதினேழு ஸ்பேனர் குடு ஹெப்சி."

அவள் எடுத்துக் கொடுப்பாள். சாயங்காலம் திருப்பி வாங்கித் துடைத்து வைப்பாள். சம்பளப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'ட்ரெய்னி ஃபிட்டர்' என்றுதான் இருந்தது. பெண் ஃபிட்டர் வைத்திருக்கிற மில்லுக்கு ஏதோ சலுகை உண்டாம். ஆபீஸில் ஆட்கள் விவகாரம் பார்க்கிற ஷீனா மேடம் ஒரு கூட்டத்தில் வாய்தவறி அப்படிச் சொன்னார். ஆக, மில்லுக்குத் தேவைப்பட்டது அவள் பெயர். கையும் கூடவே வந்துவிட்டதால் அதை ஸ்டோரில் வைத்துக்கொண்டார்கள்.

மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் விக்னேஷ்வரன் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். இவர் ஒவ்வொரு காரணத்தையும் பெற்ற மகளிடம் சொல்வதுபோல அக்கறையாகச் சொல்வார். முதல் மாதம், "கையெல்லாம் கிரீஸ் ஆயிரும்மா" என்றார். இரண்டு வருடம் கிரீஸில்தானே சார் படித்தேன் என்றாள். துப்பட்டா மெஷினில் மாட்டிக்கொள்ளும் என்றார். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறேன் என்றாள். அது எப்படிம்மா, ஓவரால் போடணும், உன் அளவுக்கு ஓவரால் இல்லையே என்றார். ஓவரால் தைத்து வர நான்கு மாதம் ஆயிற்று. தைத்து வந்ததும் ஏணியில் ஏறுவது ஆபத்து என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் உச்சம்.

"அங்க பயலுவ கெட்ட வார்த்த பேசுவானுவம்மா. ஒன் காதுல விழக் கூடாதுல்ல."

"பேச வேண்டாம்னு சொல்லுங்க சார்."

"அது எப்படிம்மா? வேலை நடக்கணும்ல."

ஹெப்சிபா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். நேராக ஷீனா மேடத்திடம் போய் நின்றாள். ஷீனா மேடம் எம்.பி.ஏ. படித்தவர். ஆண் பெண் சமத்துவம் பற்றி அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார். அவர்தான் ஒன்பதாவது காரணத்தை எடுத்துச் சொன்னார். அது மற்ற எட்டு மாதிரி வாய்ப்பேச்சு இல்லை. எழுத்தில் இருந்தது.

மெஷினை முழுவதும் பிரித்து, துடைத்து, பேரிங் மாற்றி, திரும்பப் பூட்டுகிற ஓவராலிங் வேலை ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். அன்றைக்குத்தான் மெஷின் ஓடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெண்களை மில்லுக்குள் தனியாக விடக் கூடாது. குறைந்தது ஐந்து பெண்கள் சேர்ந்து வர வேண்டும், கம்பெனி வேனில்தான் வர வேண்டும், ஐந்து பேரும் விருப்பக் கடிதம் கொடுக்க வேண்டும். இரவு ஷிப்டில் பெண்களின் பாதுகாப்புக்கென்று வகுத்ததை மில்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் நீட்டி வைத்திருந்தார்கள்.

"மேடம், மில்லுல இருக்க ஒரே பொம்பள ஃபிட்டர் நான்தான். மிச்சம் நாலு பேருக்கு நான் எங்க போவேன்?"

"அதான்ப்பா பிரச்சினையே" என்றார் ஷீனா மேடம், வருத்தத்தோடு. அவர் வருத்தம் நிஜமானது. அவர் காப்பி குடித்தபோது அதுவும் கூடவே உள்ளே போய்விட்டது.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் மூன்று ஓவராலிங்கில் வேலை செய்திருந்தால்தான் ட்ரெய்னிக்கு ஃபிட்டர் கிரேடு கிடைக்கும். இல்லாவிட்டால் 'ஸ்டோர் உதவியாளர்' என்று நிரந்தரமாக்கிவிடுவார்கள். ஸ்டெபின் அதுவரை பதினோரு மெஷினைப் பிரித்திருந்தான். ஹெப்சிபா ஒன்றைக்கூடத் தொடவில்லை. அப்போது பிப்ரவரி மாதம் கடைசி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள். ஏசம்மாள் கருவாட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அஞ்சு பேரும் ஃபிட்டரா இருக்கணும்னு எழுதியிருக்கா, பொம்பளையா இருக்கணும்னு எழுதியிருக்கா?"

ஹெப்சிபா யோசித்தாள். "பொம்பளன்னுதான் எழுதியிருக்கு."

"அப்பம் நான் வாரேன். மெஷினைப் பிரிச்சா பஞ்சும் தூசியும் மலையா கெடக்கும். பெருக்க ஆள் வேணும்லா? பெருக்குதேன்னு எழுதிக் குடுக்கேன்."

இதைச் சொன்னது யார் என்று தெரிந்தால்தான் இதன் எடை புரியும். ஏசம்மாள் சபையில் பெண்கள் சங்கத்துச் செயலாளர். பிரசவத்துக்கும் டெங்குவுக்கும் தவிர ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. வாரம் ஆறு நாளும் மில் சத்தத்தில் நின்று மரத்துப்போகிற காதுக்கு, அந்த இரண்டு மணி நேரப் பாட்டுதான் மருந்து என்பாள். அப்படிப்பட்டவள் மூன்று ஞாயிற்றுக்கிழமையை மகளுக்கு எடுத்துக் கொடுத்தாள். தேவஇரக்கம், "சபை ஐயர்ட்ட என்ன சொல்லுவ?" என்றார். "கழுத பள்ளத்துல விழுந்தா ஓய்வு நாள்லயும் தூக்கி விடலாம்னு வேதத்துலயே இருக்குன்னு சொல்லுவேன்" என்றாள். தன்னைத்தான் கழுதை என்கிறாள் என்று ஹெப்சிபாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மற்ற மூன்று பேரையும் ஏசம்மாளே பிடித்தாள். எல்லோரும் அவளோடு மெஷினில் நிற்கிறவர்கள்தான். வெள்ளத்தாய்க்கு வீட்டில் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குத் துணி துவைக்கிற நாள், கறி எடுக்கிற நாள், ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கிற நாள். காளீஸ்வரிக்கு மகன் விடுதியில் படிக்கிறான். ஞாயிறு மட்டும்தான் போய்ப் பார்க்க விடுவார்கள். ஜெனிலாவுக்குக் கைக்குழந்தை. ஆறு நாளும் மாமியாரிடம் கிடக்கிற பிள்ளை ஏழாம் நாள்தான் அம்மா மடியைப் பார்க்கும். இவ்வளவும் இருந்தும் மூன்று பேரும் சரி என்றார்கள்.

"மூணே மூணு ஞாயிறுதான? வாரோம் போ" என்றாள் வெள்ளத்தாய். "நாமதான் ஆயுசு பூரா இந்த மெஷினுக்கு முன்னால நிக்கோம். ஒருத்தியாவது அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கட்டும்."

கையில் ஐந்து விருப்பக் கடிதத்தோடு ஹெப்சிபா போய் நின்றபோது விக்னேஷ்வரன் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு திரும்ப முதலிலிருந்து படித்தார். பத்தாவது காரணம் அவருக்கு அந்த நேரத்தில் கிடைக்கவில்லை.

மார்ச் மாதம் முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வேன் அவர்களை மில் வாசலில் இறக்கியது. இறங்கி ஐந்து நிமிடத்தில் பத்தாவது காரணம் வந்து சேர்ந்தது. பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி மில்லின் பெண்கள் விடுதி வார்டனிடம். வார்டன் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு சங்கரன்கோவில் போயிருந்தார்.

"பாத்தியாம்மா" என்றார் விக்னேஷ்வரன், அவருடைய அதே அக்கறையோடு. "இதுக்குத்தான் நான் அப்பமே சொன்னேன். இன்னைக்குப் போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

ஏசம்மாள் மில்லில் அதிர்ந்து பேசினதே கிடையாது. அன்றைக்குப் பேசினாள்.

"சார், பத்தொம்பது வருசமா ஒங்க இழைய ஒட்டிக் குடுத்திருக்கேன். கோயிலுக்குப் போகாம, கஞ்சி குடியாம, அஞ்சு பொம்பளைய வந்து நிக்கோம். ஒரு பூட்டுக்குச் சாவி இல்லன்னு திரும்பிப் போகச் சொல்லுதிய. இந்தா நிக்கா எம்மவ. படிச்ச ஃபிட்டரு. அவட்ட ஸ்பேனர்ப் பெட்டியக் குடுங்க."

அவர் கொடுத்தார். கொடுக்காமல் வேறு என்ன செய்வார்? ஹெப்சிபா கழிப்பறைக் கதவின் கொண்டியை நான்கு திருகாணிகளோடு கழற்றி அவர் கையில் கொடுத்தாள். மில்லில் சேர்ந்து பதினான்கு மாதம் கழித்து அவள் செய்த முதல் ஃபிட்டர் வேலை அதுதான். ஸ்டெபினும் மற்றப் பையன்களும் சிரித்துவிட்டு, பிறகு எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமல் நின்றார்கள்.

அதன் பிறகு மெஷினுக்குப் போனார்கள். கியர் பெட்டியின் மூடியைத் திறந்ததும் பழைய எண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. எந்தச் சக்கரம் எதைத் திருப்புகிறது, எது தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங் சத்தம் போட்டிருக்கும் என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. புல்லர் என்கிற இழுப்பானைப் போட்டு பேரிங்கை இழுத்தாள். வர மறுத்தது. இரண்டு பக்கமும் சமமாக முறுக்கி, மெதுவாகத் தட்டி, மறுபடி இழுத்தாள். வந்துவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் இல்லை, எரிச்சலில். இவ்வளவுதானா? இதற்காகவா பதினான்கு மாதம் ஒருத்தியைக் கம்பி வலைக்குப் பின்னால் வைத்தார்கள்? மலையைப் புரட்டுகிற வேலை என்றாலாவது ஒரு நியாயம் இருக்கிறது. மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் முழுவதையும் பூட்டி முடித்தாள். யாரும் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. பேசுகிறவன் ஒருத்தன் இருந்தான். ஏசம்மாள் துடைப்பத்தோடு பக்கத்தில் நின்றதால் அவன் நாள் முழுவதும் இருமிக்கொண்டே இருந்தான்.

இரண்டாவது ஞாயிறு இன்னும் நன்றாக நடந்தது. ஸ்டெபின் ஒரு ஷாஃப்டை நேராக நிறுத்த முடியாமல் திண்டாடியபோது அவனே வந்து கூப்பிட்டான். அவள் போய் அளவு பார்க்கிற டயலை வைத்து நிறுத்திக் கொடுத்தாள். ஷீனா மேடம் அன்றைக்கு வந்திருந்தார். ஓவராலில் ஹெப்சிபா நிற்பதுபோல ஆறேழு படம் எடுத்தார். "இன்னும் ஒண்ணுதான், முடிஞ்சதும் கிரேடு ஆர்டர் நானே டைப் பண்ணுவேன்" என்று தோளைத் தட்டினார்.

அடுத்து வந்த புதன்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

அதை யார் எழுதினார்களோ, நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். பெண்களின் ஞாயிற்றுக்கிழமைப் பணி பெரிய வெற்றி பெற்றிருக்கிறது. சுத்தம் செய்யும் தரம் உயர்ந்திருக்கிறது. எனவே சுத்தம் செய்ய வெளியிலிருந்து வந்த ஆண்களின் காண்டிராக்ட் நிறுத்தப்படுகிறது. இந்த ஞாயிறு முதல் ஏசம்மாள், வெள்ளத்தாய், காளீஸ்வரி, ஜெனிலா ஆகியோர் வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்யும் பணிக்கு வருவார்கள். பதிலாகப் புதன்கிழமை விடுமுறை. இதற்கான நிரந்தர விருப்பக் கடிதத்தில் ஞாயிறு காலை வேன் ஏறுமுன் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடாதவர்கள் வேனில் ஏற்றப்பட மாட்டார்கள்.

விருப்பக் கடிதம் என்று பெயர் வைத்து, விருப்பத்தைக் கேட்காமலே முடித்துவிட்டார்கள்.

ஹெப்சிபா படித்து முடித்ததும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஷீனா மேடத்திடம் போனாள்.

"மூணு வாரத்துக்குன்னு சொல்லித்தான் அவிய வந்தாவ மேடம். எனக்காக வந்தாவ."

"புரியுதுப்பா. ஆனா மேனேஜ்மென்ட்டுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பெண்களுக்குக் கூடுதல் வேலை வாய்ப்புன்னு ரிப்போர்ட்லயும் போட்டாச்சு. பதில் லீவு குடுக்கோம்ல?"

"புதன்கெழம லீவு விட்டா காளீஸ்வரி அக்காவ விடுதியில பிள்ளையப் பாக்க விடுவாங்களா? புதன்கெழம எங்கம்மாவுக்கு யாரு ஆராதனை நடத்துவா?"

ஷீனா மேடம் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஞாயிறு மட்டும் அவங்களை வரச் சொல்லு. உன் மூணு கணக்கு முடிஞ்சிரும். உனக்கு கிரேடு வந்துரும். பொறவு பாத்துக்கலாம்" என்றார். பொறவு பார்த்துக்கொள்ளலாம் என்கிற சொல் எத்தனை பெண்களின் ஆயுசைத் தின்றிருக்கிறது என்று அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் வேனில் ஜெனிலா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மம்சாபுரத்தில் இறங்கும்போது வெள்ளத்தாய்தான் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, நாங்க வர மாட்டோம்னு சொல்லல. கையெழுத்துப் போட்டுருதோம். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. நீ மெஷினுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்ட. நான் அந்த மெஷினுக்கு அடியில பெருக்கிக்கிட்டேதான் கெடக்கணும் போல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். வெள்ளத்தாய் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கடையில் தக்காளி வாங்கத் திரும்பினாள்.

சனிக்கிழமை வரைக்கும் ஹெப்சிபா வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஏசம்மாளே ஆரம்பித்தாள்.

"நாளைக்கு நான் முதல் ஆளா கையெழுத்துப் போடுதேன். அவளுவளும் போடுவாளுவ. நீ மனசப் போட்டு ஒழப்பிக்கிடாத."

"பொறவு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போவியாம்மா?"

"போவேன்."

"எத்தன வருசம்?"

ஏசம்மாள் அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள்.

"நீ படிக்கும்போது இந்த ஊரே சிரிச்சுது. பொட்டப் பிள்ள இரும்பு அடிக்கப் போறாளாம்னாவ. பதினாலு மாசம் ஸ்பேனரத் தொடச்சு வச்ச. இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. அத விட்டுட்டு வந்து நின்னயோ, நான் ஒன்ன மன்னிக்க மாட்டேன்" என்றாள்.

ஹெப்சிபாவுக்கு அந்த வேலை வேண்டும். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளுக்கு அது எவ்வளவு வேண்டும் என்றால், பேரிங் இழுத்த நாளிலிருந்து கை தானாக வெறுங்காற்றில் முறுக்கிக்கொண்டிருந்தது. தியாகம் செய்கிற ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. தியாகம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல்படுகிறவள். ஆனாலும் எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. அவள் ஒருத்தி மேலே ஏற, நான்கு பேர் ஏழாவது நாளையும் கீழே வைக்க வேண்டும். பையன்கள் ஃபிட்டராவதற்கு யாருடைய அம்மாவும் பெருக்க வரவில்லையே. ஸ்டெபினுடைய அம்மா அந்த நேரம் கோயிலில் முன் வரிசையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார்.

ஞாயிறு காலை வேன் வந்து ஹார்ன் அடித்தது. நான்கு பேரும் மில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். டிரைவர் கையில் கடிதங்களும் பேனாவும் இருந்தன. ஹெப்சிபா வெறுங்கையோடு, வீட்டில் உடுத்துகிற சுடிதாரோடு வந்தாள்.

"அண்ணாச்சி, நான் வரல."

"ஒடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன். வரல."

டிரைவர் ஷீனா மேடத்துக்குப் போன் போட்டார். போனில் பேசப் பேச அவர் முகம் மாறியது. பிறகு கடிதங்களை மடித்துப் பையில் வைத்தார்.

"அஞ்சு பேர் இல்லன்னா ஏத்தக் கூடாதுங்காங்க. நீங்கள்லாம் வீட்டுக்குப் போங்க."

வேன் காலியாகத் திரும்பிப் போயிற்று. ஜெனிலா அந்த இடத்திலிருந்து ஓடவே செய்தாள், குழந்தை எழுந்திருக்கும் நேரம் அது. காளீஸ்வரி ஹெப்சிபாவின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். வெள்ளத்தாய் கறிக்கடைப் பக்கம் திரும்பினாள். ஏசம்மாள் மட்டும் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கோட்டைக் கழற்றிச் சுவரோடு வீசினாள். ஒன்பது மணிக்கு மணி அடித்தபோது சேலை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அன்றைக்கு அவள் பாடவில்லை என்று தேவஇரக்கம் வந்து சொன்னார். சாப்பிடும்போது மகள் தட்டில் முதலில் மீனை வைத்தாள், ஆனால் மூன்று நாள் பேசவில்லை.

ஆண்களின் காண்டிராக்ட் திரும்ப வந்தது. மெஷின்கள் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை பிரிக்கப்பட்டன. மார்ச் முடிந்தது. ஏப்ரல் முதல் தேதி ஹெப்சிபாவுக்கு வந்த தாளில் 'ஸ்டோர் உதவியாளர், நிரந்தரம்' என்று இருந்தது. கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஸ்டெபின் எட்டிப் பார்த்துவிட்டு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். 'பெண் பணியாளர்கள் இப்பணியில் ஆர்வம் காட்டவில்லை.'

மே மாதம் ஒரு மத்தியானம், அவள் ஸ்டோரில் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல். பெண்களின் தொழிற்பயிற்சித் திட்டத்திலிருந்து பேசுவதாகச் சொன்னது.

"மேடம், உங்க மில்லுல பெண் ஃபிட்டர் போன தடவை ஒண்ணு இருந்துச்சு. இப்ப ஜீரோன்னு காட்டுது. அது நீங்கதானே? காரணம் பதிவு பண்ணணும். திருமணமா மேடம்?"

"இல்ல."

"மகப்பேறு?"

"கல்யாணமே ஆகலன்னு சொல்லுதேன்."

"சாரி மேடம். வரிசையா கேட்கணும். அப்போ குடும்பச் சூழலா? இல்ல விருப்பமின்மையா?"

"விருப்பமின்மையா?" என்று ஹெப்சிபா கத்திய கத்தலில் ஜன்னலுக்கு வெளியே நின்ற பையன் இரண்டடி பின்னால் போனான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துப்பட்டாவிலிருந்து கழிப்பறைக் கொண்டிவரை, ஐந்து பேர் விதியிலிருந்து காலி வேன்வரை ஒன்றும் விடவில்லை. அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, மெதுவாக, "அதுக்கு இங்க ஆப்ஷன் இல்ல மேடம்" என்றாள்.

"மத்தவைன்னு ஒண்ணு இருக்கும்லா?"

"இருக்கு. ஆனா அதுல முப்பது எழுத்துக்கு மேல ஏறாது மேடம். நீங்க சொன்னதெல்லாம் போகாது."

ஹெப்சிபா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். பதினான்கு மாதத்தையும் நான்கு பெண்களின் ஞாயிற்றுக்கிழமையையும் முப்பது எழுத்தில் எப்படி அடக்குவது?

"எழுதிக்கோம்மா" என்றாள் ஹெப்சிபா. "இன்னும் நாலு ஃபிட்டர் வேணும்."

"இது காரணம் மாதிரி இல்லையே மேடம். கோரிக்கை மாதிரில்ல இருக்கு?"

"இதுதாம்மா காரணம். என்னைய மாதிரி படிச்ச பொம்பள ஃபிட்டர் இன்னும் நாலு பேர் இங்க இருந்திருந்தா, நான் எங்கம்மா ஞாயித்துக்கெழமையப் பிடுங்க வேண்டியிருந்திருக்காது. டைப் அடி."

அந்தப் பக்கம் எழுத்துகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "ஏறிருச்சு மேடம்" என்றாள் அந்தப் பெண்.